ஜெயிக்கப் போனவர் விட்டுக்கொடுத்த ஆட்டம்

அண்ணாச்சி, ஜன்னலோரம் நான் உக்காந்துக்கிடலாமா? உங்களுக்கு சங்கடம் ஒண்ணும் இல்லையே? இல்ல, இட்டமொழி ஸ்டாப் வந்தா கண்ணுல படணும், அதுக்குத்தான். நீங்களும் இட்டமொழியா? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. நான் தூங்கிட்டாலும் எழுப்பி விட்டுருவீக. தூங்க மாட்டேன், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

மடியில என்னது, குத்துவிளக்கா? சடங்கு வீடா? அட, தங்கச்சி மகளுக்கா! அப்ப நீங்க தாய்மாமன்லா. நீங்க போயித்தான பந்தல்ல காரியமே தொடங்கணும். நல்லாப் போங்க.

எனக்கு விசேசம்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு ஆளப் பாக்கணும். ஒரு கேள்வி கேக்கணும். கேட்டுட்டு அடுத்த வண்டியப் புடிச்சுக் கோவில்பட்டிக்குப் போயிட்டே இருப்பேன். உங்ககிட்டயே கேக்கேன், நியாயத்த நீங்க சொல்லுங்க. ஒரு ஆளு ஆட்டத்துல ஜெயிக்கப் போறாரு. இன்னும் ரெண்டே மூவ். எதிராளி ராசா ஓடி ஒளிய ஒரு கட்டம் கெடையாது. அந்த நேரத்துல, "நான் தோத்துட்டேன், விட்டுக்கொடுக்கிறேன்"னு எழுதி அனுப்புனா, அதுக்கு என்னங்க அர்த்தம்?

செஸ்ஸு அண்ணாச்சி. சதுரங்கம். தபால்ல ஆடுறது. சிரிக்காதீக. அப்படி ஒண்ணு உண்டு. நான் எந்தக் காய எங்க நகத்துறேன்னு, அதான் மூவ், தபால் கார்டுல எழுதிப் போடுவேன். அது மூணு நாளு கழிச்சு அவருக்குப் போயிச் சேரும். அவரு அத அவரு வீட்டுப் பலகையில வச்சுப் பாத்துட்டு, பதில் மூவ் எழுதிப் போடுவாரு. ஒரு ஆட்டம் முடிய ரெண்டு வருசம், மூணு வருசம்கூட ஆகும். இப்ப எல்லாம் போன்லயே ஆடுறாகளாம், ஒரு நிமிசத்துல முடிஞ்சிருமாம். ஒரு நிமிசத்துல முடிஞ்சா அப்புறம் மிச்ச நேரம் என்ன செய்வாக?

நான் எடை மேடையில வேல பாக்கேன். கோவில்பட்டிக்கு வெளிய, பைபாஸ்ல. லாரி வந்து மேடையில ஏறும், எடை பாப்பேன், சீட்டுப் போடுவேன். ஒரு ஜன்னல் உண்டு. அதுல ஒரு கை வரும். சீட்டக் குடுப்பேன். கை போயிரும். ஜன்னல் இருக்க ஒசரத்துக்கு மூஞ்சி தெரியாது. கைய வச்சே ஆளச் சொல்லுவேன். மோதிரம் போட்ட கை, விரல் ஒடஞ்ச கை, மருதாணி போட்டுவிட்ட கைகூட வரும், சின்னப் பிள்ளைக இருக்க வீட்டு ஆளு போலன்னு நெனச்சுக்கிடுவேன். அம்புட்டுதான் பழக்கம். மேசைக்குப் பக்கத்துல பலகைய விரிச்சு வச்சிருப்பேன். லாரி இல்லாத நேரம் பாத்துக்கிட்டே இருப்பேன்.

அவரு பேரு தேவஇரக்கம். இட்டமொழிதான். பனங்காட்டுக்குப் பக்கத்துல வீடு, கொஞ்சம் முருங்க போட்டிருக்காரு. உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா. சரி, நீங்க மச்சான் வீட்டுக்கு வந்து போற ஆளு, தெரியணும்னு இல்ல. முன்னொரு காலத்துல தபால் செஸ் போட்டின்னு ஒண்ணு நடத்துனாக. முதல் சுத்துல எனக்கு இவருதான் எதிராளின்னு சீட்டு வந்துச்சு. அந்தப் போட்டிய நடத்துனவுக பாதியிலயே மூடிட்டுப் போயிட்டாக. நாங்க மட்டும் நிறுத்தல. நான் அப்ப தலை நிறைய முடியோட இருந்தேன்.

எத்தன ஆட்டம்னு கேக்காதீக. நான் ஒண்ணுல கூட ஜெயிச்சதில்ல. ஆனா ஒண்ணுலயும் சீக்கிரம் தோத்ததும் இல்ல. அத அவரே ஒத்துக்கிடுவாரு.

எங்க ரெண்டு பேருக்கும் சண்டையே ஒரே சண்டதான். விளங்குற மாதிரிச் சொல்றேன். முன்னால எட்டுப் பேரு வரிசையா நிப்பாம்லா, அவன் சிப்பாயி. பின்னால குதிரை, யானை, மந்திரி, ராணி, எல்லாம் ராசாவச் சுத்தி நிக்கும். இப்ப என் வழி என்னன்னா, முதல்ல வேலி. சிப்பாய இந்தப் பக்கம் ஒரு கட்டம், அந்தப் பக்கம் ஒரு கட்டம். எதிராளி குதிரை வந்து உக்காரக் கூடாது. அவன் மந்திரி எட்டிப் பாக்கக் கூடாது. எல்லாப் பக்கமும் அடைச்சிட்டு, அதுக்கப்புறம் ஆற அமர நம்ம பெரிய காய ஒவ்வொண்ணா எடுக்கலாம். சரிதான? நீங்களே சொல்லுங்க, வீட்டத் தொறந்து போட்டுட்டு ஊரு சுத்தப் போவாகளா?

அவரு வழி நேர் எதிரு. ரெண்டு சிப்பாய நகத்துவாரு, கதவத் தொறக்குற மாதிரி. அப்புறம் சிப்பாயப் பக்கமே திரும்ப மாட்டாரு. குதிரை வெளிய வரும், மந்திரி வெளிய வரும், யானை நடுத்தெருவுக்கு வந்து நிக்கும். சிப்பாய அள்ளிக் குடுப்பாரு. நானும் சந்தோசமா வாங்கிக்கிடுவேன், ஒண்ணு லாபம்லா! நான் அத ஒண்ணத் தின்னு முடிக்கிறதுக்குள்ள அவரு காயெல்லாம் நடுப்பலகையில வந்து சம்மணம் போட்டு உக்காந்திருக்கும். அதுக்கு மேல எனக்கு மூச்சு விட எடம் இருக்காது.

கார்டுல மூவ எழுதிட்டுக் கீழ எழுதுவாரு. அவுக பக்கத்துப் பேச்சு அப்படியே இருக்கும். "சீனிராசு வே, உம்ம குதிரை லாயத்துலயே கெடந்து சாவுது. யானை வெளிச்சத்தையே பாத்ததில்ல. என்னத்துக்கு இத்தன சிப்பாய நகத்துதீரு? சிப்பாயி போனா போனதுதான், பின்னால வர முடியாது. காயின்னா போயிப் பாத்துட்டுப் பிடிக்கலன்னா வீட்டுக்குத் திரும்பிறலாம். என்ன பயம்?" சீனிராசுங்கது நான்தான்.

நான் பதில் எழுத மாட்டேன். மூவ மட்டும் எழுதுவேன். விதி அப்படித்தான். மூவ், தேதி, கையெழுத்து. அவரு அதுக்கெல்லாம் கட்டுப்பட மாட்டாரு. மழை பெஞ்சது, தொண்டை கட்டிக்கிச்சு, முருங்கையில கம்பளிப்பூச்சி, ரோஸ்லின் கைவலின்னு தைலம் தேய்க்கா, அது இதுன்னு கார்டு முழுக்க நெருக்கி எழுதி, விலாசத்துக்கு எடம் இல்லாமப் பண்ணிருவாரு. ரோஸ்லின் அவரு சம்சாரம். போஸ்ட்மேனே படிச்சிட்டுத்தான் குடுப்பாரு. "உங்காளு முருங்கைக்குப் பூச்சி மருந்து அடிச்சாச்சாம்"னு சொல்லிக் குடுப்பாரு. எனக்குக் கோவம் வரும். என் கார்ட நீரு எதுக்கய்யா படிக்கீருன்னு கேப்பேன்.

கார்டு வராத வாரம் கோவம் இன்னும் கூட வரும். அது வேற.

சுபாவம் அண்ணாச்சி, நான் எல்லாத்துலயும் அப்படித்தான். கல்யாண விசயத்துலயும் அப்படித்தான் இருந்தேன். நாலாட்டின்புதூர்ல ஒரு பொண்ணு பாத்தாக. பிடிச்சிருந்துச்சு. மறைக்க என்ன இருக்கு, ரொம்பவே பிடிச்சிருந்துச்சு. ஆனா வீடு இல்லாம எப்படிக் கூட்டிட்டு வாறது? அஸ்திவாரம் போட்டேன். வீடு முடிஞ்சுது. தண்ணி இல்லாம ஒரு பொம்பளப் பிள்ள என்ன செய்யும்னு போர் போட்டேன். அப்புறம் காம்பவுண்டு. சுவருக்கு மேல ஒடஞ்ச பாட்டில் கண்ணாடி ஓடு பதிச்சிட்டு இருக்கும்போது கல்யாணப் பத்திரிக வந்துச்சு. அந்தப் பொண்ணுக்குத்தான். மாப்பிள்ள சாத்தூரு. எம்புட்டு அவசரம் பாத்தீகளா? ஆனா அந்தச் சுவரு இன்னைக்கும் நிக்குது, ஒரு விரிசல் கெடையாது. யாரும் ஏறிக் குதிச்சதும் இல்ல.

மூலைக்கரைப்பட்டி வந்துட்டா? ஆமா, அந்தா போர்டு. இங்கன வரைக்கும் நான் ஏற்கெனவே வந்திருக்கேன். போன மாசம். இல்ல இல்ல, இங்க யாரும் இல்ல. பாதை எப்படின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன். அதுக்கு முன்னால ஒருதடவ திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, இட்டமொழி வண்டி எந்தப் பக்கம் நிக்குன்னு பாத்து வச்சுக்கிட்டேன். புது எடத்துக்குப் போகும்போது அப்படித்தான் போகணும். கண்ணை மூடிக்கிட்டு ஏறுனா எங்க கொண்டு விடுமோ. இன்னைக்கு முழுசும் போயிற வேண்டியதுதான்னு டிக்கெட்டே எடுத்துட்டேன். பாருங்க, இட்டமொழின்னு போட்டிருக்கு.

எங்க விட்டேன்? ஆங், ரோஸ்லின். போன வருசம் ஐப்பசியில ஒரு கார்டு. "ரோஸ்லின் போயிட்டா வே. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்து, தலைய வலிக்குன்னு படுத்தா. எந்திரிக்கல." அதுக்குக் கீழ அவரு மூவ். குதிரைய நடுவுல கொண்டாந்து வச்சிருந்தாரு. சொன்னா நம்ப மாட்டீக, அந்த நெலமையிலயும் நல்ல மூவ்.

நான் அன்னைக்கு ரெண்டு லாரிக்கு எடையத் தப்பா எழுதிட்டேன். மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. அந்தம்மாவ நான் பாத்ததே இல்ல, ஆனா அந்தம்மா கைவலி, அந்தம்மா வைக்கிற கருப்பட்டிக் காப்பி, வெயிலு காலத்துல அந்தம்மாவுக்கு வார வேக்குரு, எல்லாம் எனக்குத் தெரியும். என்ன எழுத? ஆழ்ந்த அனுதாபம்னு எழுதிப் பாத்தேன், பேப்பர்ல போடுற விளம்பரம் மாதிரி இருந்துச்சு. கிழிச்சேன். ரொம்ப வருத்தம்னு எழுதுனேன், ஒத்த வரியா கார்டு நடுவுல அனாதையா நின்னுச்சு. அதையும் கிழிச்சேன். இப்படியே நாளு போயிக்கிட்டே இருக்கு. பதில் போட விதிப்படி ஒரு கெடு உண்டு. கடைசியில மூவ எழுதுனேன். ஓரத்துச் சிப்பாயி, ஒரு கட்டம். அதுக்குக் கீழ, "இங்கு மழை உண்டு"ன்னு எழுதுனேன். நான் மூவத் தவிர ஒரு வார்த்த எழுதுனது அதுதான் முதல் தடவ. எனக்கு அதுவே அதிகம்.

அவரு அதுக்குப் பதில் போட்டாரு. "மழை பெஞ்சது சந்தோசம் வே. இங்கயும் தூறுச்சு. வீட்டுல சத்தமே இல்ல." அம்புட்டுதான். மூவும் போட்டிருந்தாரு.

இப்ப வாரேன் விசயத்துக்கு. சித்திரை பொறந்து, ஒரு புதன்கெழம கார்டு வருது. "வெள்ளிக்கெழம உம்ம ஊருக்கு வாரேன். இத்தன வருசம் கார்டுலயே பேசியாச்சு. ஒரு நாளு எதுக்க எதுக்க உக்காந்து ஆடுவோம். உம்ம சிப்பாயியள நேர்ல பாக்கணும்." எப்படி இருக்கும் எனக்கு? புதன்கெழம தகவல், வெள்ளிக்கெழம வரவு! வேண்டாம்னு கார்டு போட்டாக்கூட அது போயிச் சேர முன்னால ஆளு வந்து நிப்பாரு. தபால் ஆட்டக்காரன் வீட்டு வாசல்ல வந்து நிக்கலாம்னு எந்த விதியில இருக்கு?

சரி, வாராருன்னா செய்ய வேண்டியதச் செய்யணும்லா. எங்க வீட்டுல ஒரு நாற்காலிதான். ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு? எதுக்க எதுக்க உக்காந்து ஆடணும்னா ரெண்டாவது நாற்காலி வேணும். கடையில போயிச் சொன்னேன், வெள்ளிக்கெழம சாயங்காலம்தான் கொண்டாந்து போடுவேன்னான். சுவரெல்லாம் அழுக்கு, வெள்ளை அடிக்க ஆளு புடிச்சேன், அவன் பாதி அடிச்சிட்டு மத்தநாளு வாரேன்னு போயிட்டான். தம்ளரு ரெண்டு வாங்குனேன். ஒரே தம்ளரா வச்சிருந்தா என்ன நெனப்பாரு? அம்புட்டையும் ஒத்தையில செஞ்சேன். எடை மேடைக்கு லீவு போட்டேன், முதலாளி ஒரு மாதிரிப் பாத்தாரு. உமக்கு என்னய்யா விருந்தாளின்னு கேட்டாரு.

வெள்ளிக்கெழம பன்னெண்டு மணி வெயில்ல வாசல் கேட்டு சத்தம் கேக்குது. சாயங்காலம் வருவாருன்னுல்ல நான் நெனச்சேன்! வெள்ளை அடிச்சது காயல. நாற்காலி வரல. சட்டை கூட மாத்தல. எப்படித் தொறக்குறது? ஜன்னல் இடுக்கு வழியாப் பாத்தேன்.

நானா நெனச்சிருந்த ஆளே இல்ல அண்ணாச்சி. அவரு ஆடுற ஆட்டத்துக்கு ஆறடி ஒசரம், மீச, தொடையத் தட்டிக்கிட்டு நிப்பாருன்னு மனசுல வச்சிருந்தேன். பாத்தா, இத்தினிக்கூண்டு மனுசன். கண்ணாடி இம்புட்டுக் கனம். ஒரு கையில குடை, ஒரு கையில ஓலைப்பை, அதுல முருங்கைக்காய் நீட்டிக்கிட்டு நிக்கி. "சீனிராசு வே! நான் தேவஇரக்கம் வந்திருக்கேன்!" அப்படின்னு கூப்புட்டாரு. குரலு மட்டும் நல்ல கனத்த குரலு. கோயில்ல பாடுற குரலு.

நான் ஜன்னல இன்னும் கொஞ்சம் சாத்திக்கிட்டேன்.

ஒரு அஞ்சு நிமிசம் பொறுத்தா என்ன? உள்ள ஒரு மனுசன் தயாராகிட்டு இருக்கான்னு யோசிக்க வேண்டாமா? திரும்பத் திரும்பக் கூப்புடுதாரு. கேட்டப் புடிச்சு ஆட்டிப் பாக்காரு. நான் உள்பக்கம் பூட்டுப் போட்டிருந்தேன், அது எப்பவும் போடுறதுதான். அண்ணாந்து சுவரு மேல இருக்க பாட்டில் ஓட்டப் பாத்தாரு. அவருக்குச் சிரிப்பு வந்திருச்சு, நான் பாத்தேன். "அடேயப்பா, என்னா வேலி!"ன்னு சொல்லிக்கிட்டாரு. அப்புறம் எதுத்தாப்புல வேப்பமரத்து நெழல்ல உக்காந்தாரு. குடைய மடிச்சு வச்சுட்டு, மடியில ஒரு சின்னப் பலகைய விரிச்சாரு, காந்தம் வச்ச பலகை, பயணத்துல ஆடுறது. காயெல்லாம் எங்க ஆட்டத்துல நின்ன மாதிரியே அடுக்கி வச்சிட்டு, கேட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. வெயிலு எறங்குற வரைக்கும் இருந்தாரு. நானும் ஜன்னல விட்டு அந்தாண்ட போகல. ஒரு கணக்குக்கு ரெண்டு பேரும் எதுக்க எதுக்கத்தான் இருந்தோம்.

அப்புறம் எந்திரிச்சு, ஓலைப்பையக் கேட்டுக் கம்பியில மாட்டிட்டுப் போயிட்டாரு. அவரு தெருவத் திரும்புன கையோட நாற்காலி வண்டி வருது. என்னத்தச் சொல்ல!

முருங்கைக்காய் நல்ல சதைப்பத்து. அந்த வாரம் முழுக்க அதான் கொழம்பு.

நான் உடனே கார்டு போட்டேன். வெளியூர் போயிருந்தேன்னு பொய்யெல்லாம் எழுதல. எனக்குப் பொய் வராது. என் மூவ மட்டும் எழுதுனேன். சிப்பாயிதான். ஏன்னா, ராசாவுக்குப் பக்கத்துல ஒரு கட்டம் தொறந்து கெடந்துச்சு, அத அடைக்கணும். அடைச்சாலும் பிரயோசனம் இல்லன்னு எனக்கே தெரியும். அவரு குதிரை, ரெண்டு யானை, ராணி, எல்லாம் என் வாசல்ல வந்து நிக்கி. என் பக்கம் ஒரு குதிரை கூட எடத்த விட்டு அசையல. ரெண்டு மூவ்ல முடிச்சிறலாம். அவரு அப்படிப்பட்ட எடத்த விடுற ஆளா?

பதில் கார்டு வந்துச்சு. போஸ்ட்மேன் ஒண்ணும் சொல்லாமக் குடுத்தாரு. அப்பவே எனக்குத் திக்குன்னுச்சு. கார்டு முழுக்க வெள்ளையாக் கெடக்கு. மழை இல்ல, தொண்டை இல்ல, முருங்க இல்ல, வே இல்ல. "ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிறேன். தேவஇரக்கம்." ஒத்த வரி.

பலகையில காய வச்சுப் பாத்தேன். ஏதோ நான் ஒரு நல்ல மூவப் பாக்காம விட்டுட்டேன் போல, அவருக்குத் தெரிஞ்சிருச்சு போலன்னு ராப்பகலாப் பாத்தேன். அப்படி ஒண்ணுமே இல்ல. ஜெயிச்சிட்டாரு. ஜெயிச்சிட்டுத் தோத்தேங்காரு. என் ஆயுசுல முதல் ஜெயம் இது. எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. சத்தியமா வேண்டாம். "தங்கள் விட்டுக்கொடுத்தல் முறையற்றது. காரணம் தெரிவிக்கவும்"னு கார்டு போட்டேன். பதில் இல்ல. திரும்பவும் போட்டேன். அதுக்கும் இல்ல. கார்டு திரும்பியும் வரல, போயிச் சேருது, படிக்காரு, பதில் மட்டும் போட மாட்டேங்காரு. போஸ்ட்மேன் இப்ப எங்க தெருவுக்குள்ளயே வாறதில்ல. எனக்கு எதுக்கு வரணும் அவரு? எடை மேடையில பலகை விரிச்ச மேனிக்கு அப்படியே கெடக்கு. காயக் கலைக்க மனசு வரல.

என்ன? நீங்க என்ன சொல்லுதீக? கோவமா இருக்கும்னா? அவருக்கா? கேட்டத் தொறக்காததுக்கா?

சேச்சே. நான் உள்ள இருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? உள்பக்கம் பூட்டு... ஆமா, உள்பக்கம்தான் பூட்டு. அத அவரு பாத்திருக்க மாட்டாரு. கண்ணு அம்புட்டாத் தெரியாது அவருக்கு. இல்ல அண்ணாச்சி, அதெல்லாம் இருக்காது. ஆட்டத்துக்கும் அதுக்கும் என்ன சம்மந்தம்?

அந்தப் பேச்ச விடுங்க. இங்க பாருங்க, சட்டப்பையில ஒரு கார்டு வச்சிருக்கேன். காலையில திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுல உக்காந்து எழுதுனேன். அவரு நேர்ல ஒண்ணும் பேசலன்னா குடுக்கலாம்னு. படிக்கேன் கேளுங்க. "தங்கள் விட்டுக்கொடுத்தலை ஏற்றுக்கொண்டேன். புதிய ஆட்டம். எனது முதல் மூவ்: குதிரை." குதிரை அண்ணாச்சி! தொடக்கத்துல சிப்பாயத் தவிர வெளிய வரக்கூடிய காயி அது ஒண்ணுதான். வேலியத் தொறக்காமலே தாண்டிக் குதிச்சிரும். "ஒரு நாளாவது முதல் மூவ் குதிரைய எடும் வே, உம்மக் கும்புடுதேன்"னு அவரு எத்தனையோ கார்டுல எழுதியிருக்காரு. படிச்சா மனுசன் துள்ளிக் குதிச்சிருவாரு.

ஸ்டாப்ல எறங்குனா நேர் எதுக்கச் சர்பத் கடையாம். "சாயங்காலம் அந்த பெஞ்சுலதான் கெடப்பேன், நீரு எந்த வண்டியில வந்தாலும் என் கண்ணுக்குத் தப்ப முடியாது"ன்னு ஒருதடவ எழுதியிருந்தாரு. அப்ப ரோஸ்லின் இருந்தா.

வந்துட்டா? இதானா இட்டமொழி? இம்புட்டு வெரசாவா?

அண்ணாச்சி, அந்தா. அந்தா பெஞ்சுல. குடைய மடியில வச்சுக்கிட்டு. அவருதான். ஆளு எளச்சிருக்காரே. சட்டை தொளதொளன்னு கெடக்கு. பக்கத்துல யாரும் இல்ல. வண்டியத்தான் பாக்காரு.

ஐயையோ, கடலை மிட்டாய் வாங்கலையே நான். கோவில்பட்டியில இருந்து ஒரு ஆளு வீட்டுக்குக் கடலை மிட்டாய் இல்லாமப் போவாகளா? அவரு பை நிறைய முருங்கைக்காய் கொண்டாந்தாரு, நான் கைய வீசிக்கிட்டு எறங்கவா? எப்படி மறந்தேன்? இல்ல, இங்கன கடையில வாங்குறதெல்லாம் சரிப்படாது. அதுவும் இதுவும் ஒண்ணா? நீங்க எறங்குங்க, உங்களுக்கு நேரமாச்சு. நான் இப்படியே திசையன்விளை வரைக்கும் போயிட்டு, இதே வண்டி திரும்பி வரும்லா, வரும்போது எறங்கிக்கிடுதேன். இல்லன்னா அடுத்த வாரம் வாரேன். எடத்தத்தான் பாத்தாச்சே.

ஒரு உபகாரம் மட்டும் செய்ங்க. இந்தக் கார்ட அவருட்டக் குடுத்துருங்க. குடுத்துட்டு ஒண்ணும் பேசாம நீங்க பாட்டுக்குப் போயிருங்க. கெஞ்சிக் கேக்கேன். விளக்கு பத்திரம். பாத்து எறங்குங்க.

கண்டக்டர் சார், திசையன்விளைக்கு ஒண்ணு குடுங்க. ஆமா, இட்டமொழிதான் எடுத்திருந்தேன். எறங்கல.

குடுத்துட்டாரு. படிக்காரு. கார்டக் கண்ணுகிட்டக் கொண்டு போயிப் படிக்காரு. அண்ணாச்சி! அண்ணாச்சி, கைய எதுக்கு இந்தப் பக்கம் காட்டுதீக? வேண்டாம்னு சொன்னேன்லா! எந்திரிச்சிட்டாரே. குடைய விட்டுட்டு வாராரே. கண்டக்டர் சார், விசில் குடுங்க. வண்டிய எடுக்கச் சொல்லுங்க சார். எல்லாரும் ஏறியாச்சு, எடுக்கச் சொல்லுங்க.

என்னங்க? யாரு, சீனிராசா? நான் அவரு இல்லீங்க. நான் பக்கத்து வீடு. இந்தப் பக்கம் ஒரு சோலி, போறேன்னு சொன்னேன், கார்டக் குடுத்துவிட்டாரு. நல்லா இருக்காருங்க. உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆமாங்க, குதிரையத்தான் எடுத்திருக்காரு, அவரே சொன்னாரு. முருங்கைக்காய் கெடச்சுதாம். நல்லா இருந்துச்சாம். பூட்டிக் கெடந்த கேட்டா? அதப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. கைய விடுங்க, வண்டி எடுத்துட்டாக, விழுந்துருவீக. ஜன்னல விடுங்க வே!

வருவாரு, வருவாரு! நாற்காலி வாங்கிட்டாராம்! ரெண்டாவது நாற்காலி! உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு!